நன்னூலார் சிரித்த சிரிப்பு

இலக்கணம் என்றாலே வறட்சி, பண்டிதர் என்றாலே சிடுமூஞ்சி என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு. பண்டிதர்களை எள்ளி நகையாடிய புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தது இந்தத் திருவனந்தபுரத்தில்தான். 1971இல் திராவிட மொழியியல் கழகம் தோன்றியதும் இவ்வூரில்தான். மொழி ஆய்வுக்கும் அந்தக் கேலிக்கும் உறவுள்ள ஊர் என்பதால் ஒரு கேள்வியை இங்கே எழுப்பலாம்: மொழி கற்பிப்பவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தவர் யார்? இலக்கணக்காரரே என்பது என் துணிபு. சான்று நன்னூல்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட, சமண முனிவர் பவணந்தியார் செய்த நூல் அது. அதன் பொதுப்பாயிரத்தில் ஆகாத ஆசிரியர் நால்வர் வருகிறார்கள். கழற்பெய்குடம்: கழற்காயை ஒவ்வொன்றாகப் போட்டாலும் கவிழ்த்தால் கலைந்து கொட்டும், கற்ற வரிசை ஒன்று, சொல்லும் வரிசை வேறொன்று. மடற்பனை: கருக்கு மட்டையால் ஏற முடியாது, தானாக விழுந்தால்தான் பழம். பருத்திக்குண்டிகை: அடைத்ததும் கொஞ்சம் கொஞ்சம், பிடுங்கினாலும் கொஞ்சம் கொஞ்சம். நாலாவது முடத்தெங்கு. இதை நம்மூர்க்காரங்களுக்கு விளக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றுவது நாம், தேங்காய் விழுவது பக்கத்து வீட்டுப் பறம்பில்!

இது வெறும் வசை அன்று. நல்லாசிரியருக்குச் சொன்ன உவமைகளில் துலாக்கோலும் உண்டு. ஐயம் தீர அளந்து காட்டும், எந்தப் பக்கமும் சாயாது. தராசு பிடித்தே காலம் தள்ளியவன் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். சரியான எடை எது என்று காட்டியவருக்குத்தான் கள்ள எடையைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை. நம் சினிமாவில் தமிழ் வாத்தியார் செந்தமிழ் பேசுவதே சிரிப்பு. நன்னூலார் சிரிப்பதோ, கற்றது கேட்பவனிடம் போய்ச் சேராததைப் பார்த்து. முன்னது மொழியைக் கேலி செய்கிறது. பின்னது மொழிக்காகக் கேலி செய்கிறது.

மாணாக்கரையும் அவர் விடவில்லை. அன்னமும் பசுவும் முதல்தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை கடைத்தரம். பன்னாடை நெய்யை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். மேற்கோளைத் தவறவிட்டு அச்சுப்பிழையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வியாக்கி, சிரிக்காமல் ஒப்பித்துவிட்டோம். கிளியைப் பற்றிய சூத்திரத்தைக் கிளிகளே காப்பாற்றி வந்திருக்கின்றன! உரை எழுதினவர்களும் உவமைக்குப் பொருள் சொன்னார்களே தவிர, நகையைத் தொட்டுக் காட்டவில்லை என்பது என் குறை.

இருந்தாலும் நன்னூலார் கிளியைக் கடைசியில் தள்ளவில்லை, நடுவில் வைத்தார். இங்கேதான் அவருடைய கருணை. நம் பிள்ளைகள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் படிக்கிறார்கள். ஆண்டுவிழா மேடையில் எழுத்துத் தெரியாமலேயே குறளை ஒப்பிக்கிறார்கள். அதைப் பார்த்து 'கிளிப்பிள்ளைங்க' என்று சிரிப்பவர்கள் நம்மிலேயே உண்டு. சிரிக்கலாம். ஆனால் கிளியும் பறந்துவிட்டால் மிச்சம் ஓட்டைக்குடம்தான். கிளியைப் பசுவாக்குவது, அதாவது விழுங்கியதை அசைபோட வைப்பது, பெரியவர்கள் வேலை. அதைச் செய்யாமல் சிரிக்கிற நாம் நாலு ஆசிரியரில் யார் என்று நன்னூலார் கேட்டால், நமக்குப் பதில் இருக்க வேண்டும்.