கடிநகர் சென்று வந்தவள்

நம் மன்ற மலர்களில் வெளிவரும் சங்க இலக்கியக் கட்டுரைகளில் குறுந்தொகையின் 167-ஆம் பாடல் அடிக்கடி தலைகாட்டும். புதுமணப்பெண் ஒருத்தி புளித்த தயிரைக் கையாற் பிசைந்து குழம்பு வைத்த கதையை மேடையிற் சொன்னால் அவையில் சிரிப்பு எழும், கைதட்டலும் கிடைக்கும். பண்டைத் தமிழர் இல்லறம் எத்துணை இனியது என்று முடித்துப் பேச்சாளர் அமர்ந்துவிடுவார். அப்பாடலின் சுவையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் உயிர்நிலை குழம்பில் இல்லை என்று கருதுகிறோம். எல்லை கடந்து வந்து பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலையிலும் அடுப்பு மூட்டிய குடும்பங்கள் இப்பாடலை வேறொரு கண்கொண்டு படிக்க இடமுண்டு.

கூடலூர்கிழார் பாடிய இச்செய்யுளில் வீடு எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கூரை எதனால் வேய்ந்தது, திண்ணை உண்டா, முற்றம் எவ்வளவு பெரிது என்பன போன்ற எதையும் புலவர் சொல்லவில்லை. தயிர் படிந்த விரல்களும், அவ்விரல்களைத் துடைத்த பின் மாற்றாமலே உடுத்தியிருக்கும் ஆடையும், தாளிப்புப் புகை ஏறிய மைக்கண்களுமே அங்கு உள்ளன. மாமியார் இல்லை, ஏவற்பெண்டிர் இல்லை. செவிலித்தாய் வைத்து வளர்த்த செல்வக் குடியின் மகள் இங்குத் தானே நின்று துழாவுகிறாள். ஆடையை மாற்றாதது சோம்பலால் அன்று. மாற்றப் போனால் தாளிப்புக் கருகிவிடும். அடுப்படியில் நின்று பழகியவர்களுக்கு இந்த இடத்தில் உரையாசிரியர் தேவைப்படமாட்டார்.

கணவன் உண்டு, 'இனிது' என்கிறான். அவள் முகம் மிக நுட்பமாக மகிழ்கிறது. இவ்வளவே பாடல். குழம்பு உண்மையிலேயே நன்றாயிருந்ததா? புலவர் அதைச் சொல்லவே இல்லை. கணவன் அப்படிச் சொன்னான் என்பதுதான் செய்தி. மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் இடம் இது. கைபழகாத ஒரு பெண்ணின் சமையல் எப்படி வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அவன் அந்த ஒரு சொல்லைச் சொன்ன விதத்திலும், அவள் அதைக் கேட்டு முகம் மலர்ந்தும் மலராமலும் நின்ற விதத்திலும் அந்தக் குடும்பம் நிலைத்துவிடும் என்பதை ஒருத்தி கண்டுகொள்கிறாள்.

அந்த ஒருத்தி யார் என்பதே நாம் பேச விரும்புவது. கடிநகர் என்பது புதுமணமக்கள் வாழும் மனை. அம்மனைக்குச் சென்று திரும்பிய செவிலி பெற்ற தாய்க்குச் சொல்லியதாகப் பாடலுக்குத் துறை வகுத்திருக்கிறார்கள். வீட்டில் வாழ்கிற பெண், போய்ப் பார்த்த பெண், கேட்கக் காத்திருக்கும் பெண் என மூவர் இருந்தால்தான் இப்பாடல் பிறக்கிறது. கணவனும் மனைவியும் தம் வீட்டைப் பற்றித் தாமே பேசுவதில்லை. பேசினால் அது பெருமையாகவோ புலம்பலாகவோ போய்விடும். பார்த்துவிட்டு வந்தவளின் சொல்லுக்கோ ஒரு நம்பகம் உண்டு. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதி செவிலி கூற்றுப் பத்தோடுதான் தொடங்குகிறது. பெற்றோர் இருவர்க்கும் இடையே மகன் கிடக்கும் காட்சியை, இடையில் குட்டியுடன் கிடக்கும் மான்களோடு ஒப்பிட்டுச் சொல்பவளும் போய்ப் பார்த்து வந்த அந்தச் செவிலிதான். குறுந்தொகை 242-இல் குழற்றத்தனாரின் செவிலி, கணவன் அரசன் ஏவிய வினைமேற் போனாலும் அவன் தேர் வேற்றூரில் இரவு தங்குவதில்லை என்ற ஒரு செய்தியைத் தாய்க்குக் கொண்டுவருகிறாள். தாய் மனம் கேட்க விரும்பியது அதைத்தான்.

ஆனால் கொண்டுவரும் செய்தி எப்போதும் நற்செய்தியாக இருப்பதில்லை. நற்றிணை 110-ஆம் பாடலை மேடைகளில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை. போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, பூச்சுற்றிய சிறுகோலைக் காட்டி அச்சுறுத்திச் செவிலியர் ஊட்ட முயல, காற்சிலம்பொலிக்க ஓடிப் போக்குக் காட்டிய சிறுமி அவள். அவளைப் பிடிக்க முடியாமல் நரைத்த செவிலியர் களைத்துப் போனார்கள். அத்தகையவள் இன்று கொண்ட கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டுச் சோற்றை நினைத்தும் பாராமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இந்த அறிவை இவள் எங்குக் கற்றாள் என்று தாய்நெஞ்சம் திகைக்கிறது. துறையை மனைமருட்சி என்றும், மகள்நிலை உரைத்தல் என்றும் இருவகையாகக் கொள்வர். இரண்டாயினும், மகள் பட்டினி கிடக்கிறாள் என்ற செய்தி தாய்வீட்டை எட்டிவிட்டது. யாரோ சென்று பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண் வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டாள் என்பது அவள் குணத்திலிருந்தே தெரிகிறது.

குறுந்தொகைப் பெண்ணையும் நற்றிணைப் பெண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்காதவர்கள் சங்ககால இல்லறம் முழுவதும் தயிர்க்குழம்பு என்றே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இச்செவிலி ஏட்டோடு மறைந்தவள் அல்லள். தமிழ்க் குடும்பங்களில் 'குடித்தனம் வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை என்றால் பெண்ணின் தாயோ அத்தையோ மூத்த உறவினர் ஒருத்தியோ உடன் சென்று, பால் காய்ச்சி, பருப்பு டப்பா முதல் அரிவாள்மணை வரை இடம்பார்த்து வைத்து, நாலு நாள் தங்கித் திரும்புவாள். திரும்பியவளைச் சூழ்ந்து பிறந்த வீடு கேட்கும் கேள்விகள் பாத்திரத்தைப் பற்றியனவாக இருந்தாலும், அறிய விரும்புவது வேறு. கோவையிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழ வந்த பெண்களுக்கு இந்த வழக்கம் பெரிதும் அறுபடவில்லை. கணவாயைக் கடக்கப் பேருந்தும் இரயிலும் இருந்தன. காலையில் புறப்பட்ட தாய் மாலையில் மகள் வீட்டுத் திண்ணையில் இருக்கலாம்.

மலைமேல் நிலைமை வேறு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை என்ற மலைத் தாலுகாக்களிலும், நெல்லியாம்பதியிலும், எல்லைக்கு அப்பால் வால்பாறையிலும் தேயிலைக்கும் ஏலத்துக்கும் காப்பிக்கும் ஆள் திரட்டிய காலத்தில், இளந்தம்பதியர் பலர் தம் முதல் வீட்டைக் கண்டது லயத்தில்தான். ஒரே கூரை, வரிசையாக அறைகள், இந்த வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து போடிக்கருகேயுள்ள கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கி இறங்கிற்று. பெட்டிக்குக் கிடைத்த வசதி பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் காட்டு வழியே நடந்து ஏற வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அத்தனை நாள் ஓய்வு ஏது?

இந்த முதல் வீட்டை எழுதிய நூல் ஒன்று நம்மிடம் உண்டு. பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த 'ரெட் டீ' என்னும் புதினம். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் 2007-இல் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையின் ஓர் ஊரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லையும் முன்பணத்தையும் நம்பி 1920-களில் ஆனைமலைத் தோட்டத்துக்கு ஏறுகிறார்கள். கொஞ்சம் பொருள் சேர்த்துக்கொண்டு திரும்புவோம் என்பதே இருவர் எண்ணமும். முன்பணம் கடனாகி, கடன் காவலாகி, மலைக்காய்ச்சலும் அட்டையும் குளிரும் சேர்ந்து அவர்கள் குடித்தனம் நடக்கிறது.

புதினத்தின் நடை பற்றிக் குறை சொல்வோர் உண்டு. ஆசிரியர் கதையை நிறுத்திச் செய்தி சொல்லத் தொடங்கிவிடுகிறார் என்பார்கள். அக்குறை ஓரளவு உண்மையே. ஆயினும் யார் சொல்கிறார் என்று கேட்டுப் பார்த்தால் அந்நடையின் காரணம் விளங்கும். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். சங்கப் பாடலில் கடிநகர் சென்று வந்தவள் செவிலி. இங்கு அந்த இடத்தில் ஒரு மருத்துவர் நிற்கிறார். அன்பால் அழைக்கப்பட்டு நுழைபவளின் கண் முகத்தில் நுண்ணிய மகிழ்ச்சியைத் தேடும். காய்ச்சலால் அழைக்கப்பட்டு நுழைபவரின் கண் நாடியையும் நீரையும் கூரையின் ஒழுக்கையும் பார்க்கும். ஆகவே கூடலூர்கிழார் சொல்லாமல் விட்ட வீடு டேனியலிடம் முழுமையாக வந்துவிட்டது. கூடலூர்கிழார் கண்ட முகத்தைத்தான் டேனியலிடம் அவ்வளவு எளிதாகக் காண முடியவில்லை. துன்பம் தாங்கும் தம்பதியாகக் கருப்பனும் வள்ளியும் நம் நெஞ்சில் நிற்கிறார்கள். சிரித்துப் பேசிய தம்பதியாக நிற்பது குறைவு. அந்த லயத்திலும் ஒருநாள் ஒருவன் 'நல்லா இருக்கு' என்று சொல்லியிருப்பானே!

இன்னொன்றும் உண்டு. செவிலி சொன்ன செய்தி பெற்றவளின் மொழியிலேயே இருந்தது. டேனியல் சொன்ன செய்தி ஆங்கிலத்தில் பிறந்து, 38 ஆண்டுகள் கழித்தே பெற்றவளின் மொழிக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் கேட்க வேண்டிய தாயர் எத்தனைபேர் மண்ணுக்குள் போயிருப்பர்! இப்புதினத்தைத் தழுவி 2013-இல் பாலாவின் 'பரதேசி' திரைப்படம் வந்தது. ஆற்றல் மிக்க படம்தான். ஆனால் அதில் நாயகன் தனியே மலையேறுகிறான். அவனுக்குரியவள் ஊரில் நின்றுவிடுகிறாள். படம் முடியும் தறுவாயில்தான் குழந்தையோடு அங்கு வந்து சேர்கிறாள். பிரிவின் அவலம் கூடியது. இருவர் சேர்ந்து முதல் வீட்டை வீடாக்க முயன்ற கதை படத்திலிருந்து நழுவிவிட்டது. மூலத்தின் நடுப்பொருள் அதுதான் என்று கருதும் நமக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றவில்லை.

1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. நன்மையே. எனினும் வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். அரசுக் குடியிருப்பில் வாழ்கிற நம்போன்ற அலுவலர்க்கும் ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டிய நாள் உண்டு. ஆனால் ஊரில் ஒரு மனைக்கட்டு வாங்கிப் போட நமக்கு இடமிருந்தது. லயத்தில் முதல் குடித்தனம் வைத்த பெண்ணுக்கு, மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் கடைசிக் குடித்தனமும் அங்கே நடக்கும். முதல் வீடே வழிவழியாக வரும் வீடாகவும் சொந்தமில்லாத வீடாகவும் ஒருங்கே இருப்பது சங்கப் புலவர் கண்டறியாத நிலை. இதற்குத் திணை வகுத்தாரில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 'பெண்கள் ஒருமை' என்று தெருவில் அமர்ந்தபோது ஊக்கத்தொகையும் கூலியும் பற்றிப் பேசினார்கள். வாழும் வீட்டைப் பற்றியும் பேசினார்கள். செவிலியும் மருத்துவரும் இன்றித் தலைவி தானே பேசிய அரிய இடம் அது. அடுத்து அவ்வீடுகள் நாடெங்கும் தெரிந்தது 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவுக்குப் பின்னர். இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. இறந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேர். மண்ணிலிருந்து எடுத்த பாத்திரங்களையும் புத்தகப் பைகளையும் திருமணப் படங்களையும் செய்தியாளர்கள் பார்த்துச் சொன்னார்கள். உயிரோடிருந்த நாளில் அவ்வறைகளுக்குள் சென்று, அடுப்பருகே உட்கார்ந்து, திரும்பி வந்து சொல்லிய எழுத்து நம்மிடம் எத்தனை உள்ளது? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கூடலூர் என்ற பெயரில் ஊர்கள் பல. குமுளி மலையடிவாரத்திலும் ஒன்று உண்டு. கூடலூர்கிழாரின் ஊர் இதுவே என்று உறுதி சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் ஐங்குறுநூற்றைத் தொகுத்தவராகக் கூடலூர்கிழாரின் பெயரும், தொகுப்பித்தவனாகச் சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் பெயரும் நூலோடு வழிவழியாக வந்துள்ளன. தயிர் பிசைந்த பெண்ணைப் பாடியவரே, செவிலி கூற்றுப் பத்து இடம்பெற்ற நூலைச் சேரனுக்காகத் தொகுத்திருக்கிறார். அந்தச் சேரநாட்டு மலையில்தான் லயங்கள் எழுந்தன. அங்குச் சென்று வந்து எழுதுவதற்கு, அங்கேயே பிறந்து படித்து ஆசிரியராகவும் செவிலியராகவும் எழுத்தராகவும் இறங்கி வந்த பிள்ளைகளைவிடத் தகுதியானவர் வேறில்லை. அவர்களுள் சிலர் இந்த மலரையும் படிக்கிறார்கள். அம்மா முதன்முதலில் அந்த அறையில் என்ன சமைத்தாள், விறகு ஈரமாயிருந்ததா, அப்பா உண்டுவிட்டு என்ன சொன்னார் என்பன கேட்டறியக் கூடியவை. கேட்கப்படுவோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அன்று அந்தச் செவிலிக்கும் அந்தக் குழம்பில் ஒரு பங்கு கிடைத்ததா என்பதைக் கூடலூர்கிழார் சொல்லவில்லை.