தொட்டானா, தொட்டாரா? பழைய ஏற்பாட்டில் பெயர் சொல்லாமல் வருகிறவர்

ஆதியாகமம் 32-ஆம் அதிகாரம். யாக்கோபு ஆற்றங்கரையில் தனியாக இருக்கிறான். ராத்திரி ஓர் ஆள் வந்து விடியும்வரை அவனோடு மல்லுக்கட்டுகிறது. யார் அந்த ஆள் என்பதுதான் கதையின் உயிர். இப்போது பழைய தமிழ் பைபிளை எடுத்துப் பாருங்கள். 24-ஆம் வசனத்தில் 'ஒரு புருஷன்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம், 25-ஆம் வசனத்தில் 'தொட்டார்' என்று முடியும். எழுவாயில் 'ன்', பயனிலையில் 'ர்'. பள்ளிக்கூட நோட்டில் இப்படி எழுதியிருந்தால் தமிழ் வாத்தியார் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

இது கைதவறி வந்த பிழை இல்லை. மொழிபெயர்த்தவர்களுக்கு வந்தவர் யாரென்று தெரியும், அதனால் 'ர்' போட்டுவிட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், அந்த இடத்தில் யாக்கோபுக்குத் தெரியாது. ஹீப்ரு மூலத்தைப் படிக்கிறவருக்கும் தெரியாது. ஹீப்ரு வினைச்சொல்லில் மரியாதை விகுதியே கிடையாது. தொட்டானும் தொட்டாரும் ஒரே சொல்தான். பெனியேல் என்று யாக்கோபு அந்த இடத்துக்குப் பேர் வைக்கும் 30-ஆம் வசனத்தில்தான் விஷயம் உடைகிறது. தமிழில் ஐந்து வசனம் முன்னாடியே ஒரு விகுதி உடைத்துவிட்டது.

ஹீப்ரு வேதத்தில் கடவுள் மனுஷ ரூபத்தில், தூதன் ரூபத்தில், நெருப்பில் தோன்றும் இடங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு இந்தச் சின்ன 'ர்' பெரிய விஷயமாகப் பட்டது. இந்தத் தோற்றங்களை "அது கிறிஸ்துவே" என்று வாசிக்கும் வழக்கம் கிட்டத்தட்ட 1900 வருஷப் பழசு. அந்த வாசிப்பு செய்வதையும் இந்த 'ர்' செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

யாருக்கு, எப்போது தெரியும்?

இந்தக் கதைகளை 'வந்தவர் யார்' என்று கேட்டு வகைப்படுத்துவதுதான் வழக்கம். நான் வேறு ஒரு கேள்வியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். கதாபாத்திரத்துக்கு எப்போது தெரிகிறது, வாசகருக்கு எப்போது தெரிகிறது?

ஆதியாகமம் 18: மம்ரேயில் ஆபிரகாம் கூடார வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். முதல் வசனத்திலேயே வாசகருக்குச் சொல்லியாயிற்று, தோன்றுவது கர்த்தர். ஆனால் ஆபிரகாம் கண்ணைத் தூக்கிப் பார்க்கும்போது தெரிவது மூன்று ஆட்கள். நமக்குத் தெரியும்; அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று கதை சொல்வதில்லை.

நியாயாதிபதிகள் 13: சிம்சோனின் அப்பா மனோவா வந்தவருக்கு ஆட்டுக்குட்டி சமைக்கிறேன் என்கிறான். அவன் கர்த்தருடைய தூதன் என்று மனோவாவுக்குத் தெரியாது என்று கதைசொல்லி நம்மிடம் வெளிப்படையாகவே சொல்கிறார். பேர் கேட்டாலும் பதில் கிடைக்காது. பலிபீடத்து ஜுவாலையில் ஏறிப் போன பிறகுதான் அவனுக்குப் புரிகிறது.

ஆதியாகமம் 32: இரண்டு பேருக்குமே தெரியாது. யாக்கோபும் பேர் கேட்கிறான், பதில் இல்லை.

மூன்றும் வேறு வேறு ஏற்பாடு. ஆனால் மூன்றிலும் 'தெரியாமல் இருக்கும் நேரம்' என்று ஒன்று உண்டு, கதை அதற்குள்ளேதான் நடக்கிறது. ஜேம்ஸ் கூகல் என்ற அமெரிக்க வேத அறிஞர் 2003-இல் வந்த 'தி காட் ஆஃப் ஓல்டு' புத்தகத்தில் இதைக் குழப்பத்தின் கணம் என்றே பேசுகிறார். சாதாரண ஆள் மாதிரி தெரிகிறது, பேச்சு நடக்கிறது, திடீரென்று திரை விலகுகிறது. இந்தக் குழப்பத்தை எழுத்தாளரின் கவனக்குறைவாகப் பார்க்கக் கூடாது, பழைய இஸ்ரவேலர் கடவுளை அனுபவித்த விதமே அது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஜஸ்டினும் திரிப்போவும்

இந்தத் தோற்றங்களைக் கிறிஸ்து என்று விரிவாக வாதிட்ட முதல் பெரிய நூல் ஜஸ்டின் மார்ட்டரின் 'திரிப்போவுடன் உரையாடல்'. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. திரிப்போ ஒரு யூதர், நூலின்படி, பார் கோக்பா போரிலிருந்து (கி.பி. 132–135) தப்பி வந்தவர். நிஜமான ஆளா, ஜஸ்டினின் படைப்பா என்ற விவாதம் இருக்கிறது. எப்படி இருந்தாலும், ஊரை இழந்த ஒரு மனுஷனிடம் "உங்கள் வேதத்தில் வருகிறவர் எங்கள் ஆள்" என்று சொல்லும் உரையாடல் அது.

நியாயமாகச் சொன்னால், ஜஸ்டின் கூர்மையான வாசகர். மம்ரேயில் பேச்சு ஒருமைக்கும் பன்மைக்கும் தாவுவதைப் பிடிக்கிறார். மூன்று பேர் வந்தார்கள். சோதோமுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு தூதர்கள். ஆபிரகாமோடு நின்று பேரம் பேசுவது கர்த்தர். அப்போ மூன்றாவது ஆள்? எல்லாவற்றையும் படைத்த பிதா வானத்தை விட்டு ஒரு மூலைக்கு இறங்கி வரமாட்டார். எனவே வந்தவர் அவருக்குக் கீழ்ப்பட்ட, கடவுள் என்றே அழைக்கப்படும் இன்னொருவர். இதுதான் அவருடைய கணக்கு. திரிப்போ சொல்லும் பதில் எளிமையானது: கடவுள் தோன்றியது தனி, அதன் பிறகு வந்த மூன்று பேர் தூதர்கள்.

ஜஸ்டினின் கணக்கில் இருந்த ஓட்டை பின்னால் கிறிஸ்தவர்களுக்கே தலைவலி ஆனது. கண்ணுக்குத் தெரிகிறவர் குமாரன், தெரியாதவர் பிதா என்று பிரித்தால், குமாரன் ஒரு படி கீழே என்று ஆகிவிடும். ஆரிய வாதத்துக்கு அது வசதி. அதனால் அகஸ்டின் 'திரித்துவம் பற்றி' என்ற நூலின் இரண்டாம் புத்தகத்தில் மம்ரேயைத் திரும்ப எடுத்து, மூவரில் எவரும் பெரியவராகக் காட்டப்படவில்லையே, பிறகு எப்படி ஒருவரை மட்டும் குமாரன் என்பது என்று கேட்கிறார். அங்கிருந்து ரூப்ளேவின் புகழ்பெற்ற திரித்துவ ஓவியம் வரைக்கும் ஒரு கோடு போகிறது. அந்த ஓவியத்தில் மேசையைச் சுற்றி மூவர் மட்டும்தான். சமைத்த சாராளும் இல்லை, பரிமாறிய ஆபிரகாமும் இல்லை. விடையைக் கண்டுபிடித்தாயிற்று, விருந்து வைத்தவர்கள் வெளியே போயாயிற்று.

இந்த வாசிப்பை வெறும் திணிப்பு என்று தள்ளவும் முடியாது. பவுலே 1 கொரிந்தியர் 10-இல் வனாந்தரத்துக் கன்மலையைக் கிறிஸ்து என்கிறார். யோவான் 12, ஏசாயா கண்டது அவருடைய மகிமை என்கிறது. யூதர்களுக்குள்ளேயும் தானியேல் 7, யாத்திராகமம் 24 போன்ற இடங்களை வைத்து 'வானத்தில் இரண்டு அதிகாரங்கள்' என்று பேசியவர்கள் இருந்தார்கள், ரபீக்கள் அவர்களோடு சண்டை போட்டார்கள். ஆலன் சீகல் 1977-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஆக, கேள்வி நியாயமானது. வசனங்கள் நிஜமாகவே வழுக்குகின்றன. என் விமர்சனம் பதில் மீது அல்ல, அதைச் சொல்லும் அவசரத்தின் மீது.

'தூதனானவர்' என்ற ஏற்பாடு

இனி தமிழுக்கு வருவோம். 1871-இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல்தான் இன்று பழைய திருப்புதல் என்று பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கிறது. அதில் 'மலாக் அதோனாய்', அதாவது கர்த்தருடைய தூதன் என்ற ஹீப்ருத் தொடர் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

ஆகாரிடம் வரும்போது (ஆதியாகமம் 16), முட்செடியில் மோசேக்குத் தெரியும்போது (யாத்திராகமம் 3): 'தூதனானவர்', வினை 'ஆர்'. அசீரியப் பாளயத்தில் ஒரே ராத்திரியில் 1,85,000 பேரைக் கொல்லும்போது (2 இராஜாக்கள் 19:35): 'தூதன்', வினை 'ஆன்'. ஹீப்ருவில் இரண்டும் ஒரே தொடர். புதிய ஏற்பாட்டில் சகரியாவுக்குத் தோன்றும் காபிரியேலுக்கும் (லூக்கா 1:11) 'ஆன்' தான்.

அதாவது ஒரே தொடர் தமிழில் இரண்டு ஆளாகப் பிரிந்துவிட்டது. கடவுள் மாதிரிப் பேசுகிறவர் ஒருவர், வேலையை முடித்துவிட்டுப் போகிற தூதன் இன்னொருவன். ஜஸ்டின் நூறு பக்கம் வாதாடிச் சாதித்ததை தமிழ் விகுதி ஓசைப்படாமல் செய்துவிடுகிறது. பிரசங்கத்தில் "இது மனுஷாவதாரத்துக்கு முந்தின கிறிஸ்து" என்று சொல்வதற்கு முன்பே, காது அதற்குத் தயாராகிவிட்டது.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சூளையில் நாலாவது ஆளைப் பாருங்கள் (தானியேல் 3:25). அரமேயத்தில் அது தேவர்களின் மகன் ஒருவன் என்ற மாதிரி பொதுவான தொடர். சொல்வதும் பாபிலோன் ராஜா. ஆங்கில ஜேம்ஸ் ராஜா பதிப்பு (1611) அதைக் கடவுளின் அந்தக் குமாரன் என்றே ஆக்கியது. 1885-இன் திருத்தப் பதிப்பு மாற்றியது. நம் பழைய திருப்புதல் போட்ட சொல் 'தேவபுத்திரன்'. இயேசுவுக்கு அது வழக்கமாகப் போடும் சொல் 'தேவகுமாரன்', 'தேவனுடைய குமாரன்'. யோபு புத்தகத்தில் கர்த்தர் முன்னால் கூடும் வானவர்களுக்குத்தான் 'தேவபுத்திரர்'. ஆதியாகமம் 6-இல் 'தேவகுமாரர்' வருவதால் இதைக் கறாரான விதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிட நிதானமாக இருக்கிறது.

அந்த நிதானத்துக்குப் பழைய முன்மாதிரியும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியேலுக்கு உரை எழுதிய ஜெரோம், பக்தியற்ற ஒரு ராஜா தேவகுமாரனைக் கண்டான் என்பது எப்படி என்று தயங்குகிறார். கண்டது ஒரு தூதனைத்தான், அந்தத் தூதன் பாதாளத்தில் இறங்கின கிறிஸ்துவுக்கு முன்னடையாளம் என்று இரண்டு படியாகப் பிரிக்கிறார். கதைக்குள் நடந்தது ஒன்று, நாம் அதில் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒட்டாமல் வைக்கத் தெரிந்த விசுவாசி அவர். இன்றைய பிரசங்கங்களில் நான் தேடுவது இதைத்தான்.

அவசரப்பட்டால் என்ன நஷ்டம்?

"சரி, அதனால என்ன போச்சு? கடைசியில் கடவுள்தானே?" என்று கேட்கலாம். மம்ரேயில் போவது பெரிய விஷயம்.

ஆதியாகமம் 18:3-இல் ஆபிரகாம் ஒருமையில் பேசுகிறான்: ஆண்டவரே, கடந்துபோக வேண்டாம். அடுத்த வசனத்தில் பன்மை: கால் கழுவுங்கள், உட்காருங்கள். (நீர், நீங்கள் என்ற வித்தியாசம் இருப்பதால் தமிழில் இது அழகாக நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் கரைந்துபோகும்.) இந்தத் தாவலுக்கு தல்மூதில், சப்பாத் 127அ-வில், ஒரு விளக்கம் இருக்கிறது. ஆபிரகாம் ஒருமையில் பேசுவது கடவுளிடம். "கொஞ்சம் இருங்க, விருந்தாளி வந்திருக்காங்க" என்று கடவுளையே காக்க வைத்துவிட்டு, வழிப்போக்கர்களைக் கவனிக்க ஓடுகிறான். அதனால் விருந்தோம்பல் கடவுளின் சமுகத்தை வரவேற்பதைவிடப் பெரியது என்கிறார்கள்.

முதல் தடவை படித்தபோது அசந்துபோனேன். இந்த விளக்கம் நிற்க வேண்டுமானால், அந்த மூன்று பேர் ஆபிரகாமின் கண்ணில் வெறும் வழிப்போக்கர்களாக இருந்தே ஆக வேண்டும். வந்தவர் கர்த்தர் என்று தெரிந்து கன்றுக்குட்டி அடித்தால் அது விருந்தோம்பல் இல்லை, படையல். முதலாளி மாறுவேஷத்தில் வந்திருக்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்த கடைக்காரர் நடந்துகொள்வது மாதிரி ஆகிவிடும். எபிரெயர் 13:2 இந்தக் கதையை ஞாபகப்படுத்தும்போது அழுத்தம் கொடுப்பதும் 'அறியாமல்' என்பதற்குத்தான். மத்தேயு 25-இலும் நீதிமான்கள் "எப்போது உம்மைக் கண்டோம்?" என்றுதான் கேட்கிறார்கள். தெரியாமல் செய்தது என்பதுதான் அங்கே கணக்கில் ஏறுகிறது.

ஆக, கிறிஸ்தவ வாசிப்புக்குள்ளேயே அவசரத்துக்கு எதிரான சாட்சி இருக்கிறது. அடையாளத்தை முதல் வரியிலேயே ஒட்டிவிட்டால் திரிப்போவின் வேதம் மட்டும் பறிபோகவில்லை, மத்தேயு 25-உம் சேர்ந்து போகிறது.

ஒரு சின்ன யோசனை

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் யாக்கோபுக்கும் 'ர்', வந்த ஆடவருக்கும் 'ர்'. எல்லோருக்கும் மரியாதை கொடுத்ததால் ரகசியம் காப்பாற்றப்பட்டது. அப்படிச் செய்ய வேண்டும் என்று திட்டமிட்டார்களோ இல்லையோ, பலன் நல்ல பலன்தான்.

ஆனால் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. 32:24-இலிருந்து 'புருஷன்', 'தொட்டான்', 'என்றான்' என்றே கொண்டுபோய், 30-ஆம் வசனத்தில் யாக்கோபு தன் வாயால் சொன்ன பிறகு மட்டும் 'ர்' வரட்டும். ஹீப்ருவால் செய்ய முடியாத ஒன்றைத் தமிழால் செய்ய முடியும்: திரை விலகுவதை விகுதியிலேயே காட்டலாம். கடவுளுக்கு 'ஆன்' விகுதியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ராத்திரி இருட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரளும்போது யாக்கோபு மரியாதை பார்த்திருக்க மாட்டான்.