இரைச்சலுக்கு அடியில் ஒரு குரலா?

அரசாங்க உரிமம் பெற்றுச் சொந்த வானொலி நிலையம் நடத்தும் அமெச்சூர் ரேடியோ நண்பர்களிடையே இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 'எஃப்.டி.8' என்னும் கணிப்பொறி முறையைக் கைக்கொண்டால், இரைச்சலைவிட நூறு மடங்கு மெலிந்த சைகையைக்கூட இரைச்சலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்துவிடலாம் என்பதே அது. மாணவர்களும் இதை அப்படியே நம்பி வந்து கேட்கிறார்கள். இதில் பாதி உண்மை. மறு பாதி இயற்பியலுக்கு ஒவ்வாதது. அந்த மறு பாதியை நம்பித்தான் பலர் தம் டிரான்ஸீவரைத் தவறாகப் பொருத்தித் தமக்கும் பிறர்க்கும் தொல்லை தேடிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

முறை யாருடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃப் என்பது இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஃபிராங்க். டி என்பது பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஜோசப் டெய்லர். 8 என்பது அதில் பயன்படும் எட்டுச் சுரங்கள். 2017இல் வெளியாயிற்று. டெய்லர், ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து 1974இல் இரட்டை விண்மீன் அமைப்பு ஒன்றில் பல்சாரைக் கண்டுபிடித்து, அதற்காக 1993இல் நோபெல் பரிசு பெற்றவர். பல்சாரின் தனியொரு துடிப்பு இரைச்சலில் மறைந்துபோகும். ஆனால் துடிப்பு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வரும் என்று தெரிந்துவிட்டால், பல்லாயிரம் துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதை வெளிக்கொணரலாம். எப்போது வரும் என்று அறிந்து காத்திருப்பதே வித்தை. எஃப்.டி.8இலும் அதே வித்தைதான்.

ஒரு நிமிடம் 15 வினாடிகள் கொண்ட நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியில் ஒருவர் பேச, அடுத்த பகுதியில் மற்றவர் விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் 12.64 வினாடிகளில் 79 சுரத்துணுக்குகள் செல்கின்றன. ஒரு துணுக்கின் நீளம் 0.16 வினாடி. அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே வேறுபாடு 6.25 ஹெர்ட்ஸ் மட்டுமே. எட்டும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் இடத்தில் அடங்கிவிடும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். திரையில் –20 டெசிபல் என்று வந்தால், சைகை இரைச்சலில் நூறில் ஒரு பங்கு என்று பொருள். எந்த இரைச்சலில்? 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில், அதாவது ஒரு மனிதக் குரலுக்கு ஒதுக்கும் அகலத்தில், உள்ள மொத்த இரைச்சலில். ஆனால் கணிப்பொறி ஒரு சுரத்தைத் தேடுவது 6.25 ஹெர்ட்ஸ் அகலத்தில். 2,500ஐ 6.25ஆல் வகுத்தால் 400. ஆகவே அந்தக் குறுகிய இடத்தில் இருப்பது மொத்த இரைச்சலில் நானூறில் ஒரு பங்குதான். நூறில் ஒரு பங்கான சைகை நானூறில் ஒரு பங்கான இரைச்சலோடு மோதுகிறது. சைகையே நான்கு மடங்கு பெரியது! இரைச்சலுக்கு அடியில் எதுவும் புதைந்து கிடக்கவில்லை. 2,500 என்பது ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்ட ஓர் அளவுகோல். இதைத் திரையிலேயே ஒரு வரியில் எழுதியிருந்தால் எத்தனையோ குழப்பம் தீர்ந்திருக்கும்.

மீதி வேலையைப் பிழைதிருத்தக் குறியீடு செய்கிறது. சொல்ல வேண்டிய செய்தி 77 பிட், சரிபார்ப்புக்கு 14, பிழைதிருத்தத்துக்கு 83, அனுப்புவது மொத்தம் 174 பிட். செய்தியின் வடிவமும் முன்பே தீர்மானமானது: இரு நிலையங்களின் அழைப்புக் குறிகள், பின் ஊர்க் கட்டத்தின் குறியோ ஒரு டெசிபல் எண்ணோ. முக்கூடலுக்கு எம்.ஜே.88 என்று நான்கு எழுத்து. திருவிழாக் கூட்டத்தின் சத்தத்தில் வேறொன்றும் புரியாவிட்டாலும் யாரோ நம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் காதில் விழுகிறதல்லவா? எதிர்பார்க்கும் காதுக்குக் குறைந்த ஒலி போதும்.

இதை உணர்ந்தவர் டிரான்ஸீவரைப் பொருத்தும் முறையே வேறாக இருக்கும். ஒலியைக் கூட்டுவதில் அவருக்கு ஆசை இராது. கணிப்பொறியின் கடிகாரம் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்கிறதா என்பதையே முதலில் பார்ப்பார். இன்டர்நெட் இல்லாத இடத்தில் ஒரு ஜி.பி.எஸ். ஏற்பி போதும். குரலுக்கென்று வைத்த கம்ப்ரஸரையும் இரைச்சல் குறைப்பானையும் நிறுத்திவிடுவார். பலர் செய்வது இதற்கு நேர்மாறு. கணிப்பொறியின் ஒலியளவை முழுதும் ஏற்றி, பவர் மீட்டரின் முள் கடைசிக்குப் போனதும் மகிழ்ச்சியடைகிறார்கள். மிகுந்த ஒலியால் பெருக்கி நேர்கோட்டுத் தன்மையை இழக்கிறது, சீரிசைகள் பிறக்கின்றன. 600 ஹெர்ட்ஸ் சுரம் 1,200, 1,800, 2,400 ஆகிய இடங்களிலும் தலைகாட்டும். மூன்றும் வடிகட்டியின் அகலத்துக்குள்ளேயே இருப்பதால் தடையின்றி வானேறி, மூன்று போலி நிலையங்களாகப் பிறர் திரையில் நிற்கும். என் முதல் வாரத்தில் நானும் இப்படி நின்றிருக்கிறேன். தொலைவிலிருந்து ஓர் அன்பர் சொல்லித்தான் தெரிந்தது. இதே சுரம் 1,600 ஹெர்ட்ஸில் இருந்திருந்தால் இரண்டாம் சீரிசை 3,200இல் விழுந்து வடிகட்டியிலேயே நின்றுபோயிருக்கும். டெய்லர் குழுவினரின் 'டபிள்யூ.எஸ்.ஜே.டி.–எக்ஸ்' நிரலில், சுரத்தை எப்போதும் 1,500க்கும் 2,000க்கும் இடையில் வைத்து டிரான்ஸீவரின் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அருமையான வசதி. அதைத் தேடிப்பிடித்து இயக்குவது மட்டும் பயனாளியின் தலையில்.

ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' நம் நாட்டு மாணவன் கைக்கு எட்டும் டிரான்ஸீவர். எளிமை கருதி அதில் ஏ.எல்.சி. என்னும் தானியங்கிக் கட்டுப்பாடு வைக்கப்படவில்லை. குறை என்பார்கள், படிப்பவனுக்கு அது நிறை என்பேன். ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வெளியீடு அதே விகிதத்தில் ஏறாமல் தயங்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து நன்றாகக் கீழே இறங்கி நிற்க வேண்டும். நேர்கோட்டுத் தன்மை என்றால் என்ன என்பதைப் பாடநூலைவிட இது நன்றாகச் சொல்லித்தரும். விலையுயர்ந்த டிரான்ஸீவர் ஆனாலும் முழு வாட்டில் வைக்கலாகாது. குரலில் இடைவெளி உண்டு, இங்கோ 12.64 வினாடியும் ஒரே வலிமையில் செல்வதால் டிரான்ஸிஸ்டர் சூடேறும்.

இனி என் மனக்குறை. இம்முறையில் விரும்பியபடி எழுதக் கிடைப்பது 13 எழுத்து; அதுவும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் என 42 உருக்களுக்குள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, அப்போது போர்ட் பிளேர் எனப்பட்ட ஊரில் பாரதி பிரசாத் குழுவினர் தம் அமெச்சூர் நிலையத்தின் வழியே செய்திகளைத் தாய்நிலத்திற்குச் சேர்ப்பித்தார்கள். எஃப்.டி.8 மட்டும் அறிந்த நிலையம் அந்தப் பணியைச் செய்திருக்க முடியாது. குரலையும் மோர்ஸையும் விட்டுவிட்டு இதிலேயே பழகும் இளைஞர்கள் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் அயனி மண்டலத்தை அளக்க இதைவிட மலிவான கருவி கல்லூரிக்குக் கிடைக்காது. நம் பகுதி காந்த நடுக்கோட்டை ஒட்டியது. அதனால்தான் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைந்திருக்கிறது. நடுக்கோட்டுப் பகுதியில், பொழுது சாய்ந்ததும் மேலடுக்கு சட்டென்று உயர்ந்து, பின் அதில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் தோன்றும். சமபகலிரவு மாதங்களில் இது மிகுதி. கலங்கிய அடுக்கில் பட்டுத் திரும்பும் சுரம் சில ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்துவிடும். 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்கும் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். எஃப்.டி.8க்குச் சொல்லப்படும் –21 டெசிபல் எல்லை, சீரான இரைச்சலும் அசையாத சைகையும் கொண்ட நிலைக்குக் கணித்தது. பங்குனி மாதத்து இரவில் தாமிரபரணிக் கரைக்கு அது பொருந்துமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முக்கூடலில் அத்தகைய இரவுகளில், 14.074 மெகா ஹெர்ட்ஸில் திரையைப் பார்த்திருந்தால், மெல்லிய கீற்றுகளாக விழ வேண்டியவை பஞ்சு போலப் பரந்து விழும். ஒலிபெருக்கியில் சைகை வலிமையாகவே கேட்கும். ஆனால் ஓர் எழுத்தும் வராது. நிரலின் பட்டியலில் அதற்கு இடமில்லை. வென்றவற்றை மட்டுமே அது எழுதிவைக்கிறது. எனக்குத் தோற்றவைதான் வேண்டும். ஒலியைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி அதே நிரலில் இருப்பதால், மாலை ஆறு முதல் பத்து வரை அதை இயக்கி வைத்து, படிக்க முடியாத கீற்றுகளை ஒவ்வொரு பதினைந்து வினாடிக்கும் எண்ணி நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என் மாணவர்களிடம்.