டோட்டோ-சானும் கூடிப் பயிலும் வகுப்பறையும்

டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்' 1981இல் யப்பானில் நூலுருப் பெற்றது. தமிழிலும் பலரால் வாசிக்கப்பட்ட நூல் அது. எனினும், அன்பே உருவான தலைமையாசிரியர் ஒருவரின் கதையாகவே அது பெரிதும் போற்றப்பட்டு வந்துள்ளது. ஊனமுற்ற சிறாரும் ஏனையோரும் ஒரே வகுப்பிற் பயில்வது அவர்தம் மனப்பாங்கை எவ்வாறு உருவாக்குகின்றது என்னும் வினாவுடன் நாம் அதனை நோக்க விழைகின்றோம்.

புகைவண்டிப் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட தோமோயே பள்ளியை 1937இல் தோற்றுவித்தவர் சோசாகு கோபயாஷி. அங்கு கருணை பற்றிய போதனை எதனையும் காணோம். மாறாக, விளையாட்டுப் போட்டியின் விதிகளே மாற்றப்படுகின்றன. துணியாலான மீனின் வாயினுள் நுழைந்து வாலால் வெளிவரும் ஓட்டத்திற் பெரிய உடலே இடையூறாகின்றது. வளர்ச்சி குன்றிய சிறுவன் முதலிடம் பெறுகின்றான். 'குறை' உடலில் மாத்திரமன்றிப் போட்டியை வகுப்போரின் விதியிலும் உறைகின்றது.

ஆயினும் எமக்கு இதனிலும் முக்கியமாகப் படுவது மரமேறும் நிகழ்ச்சியே. இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்ட நண்பனைத் தன் மரத்தில் ஏற்றுவதற்குச் சிறுமி முதலிற் சாதாரண ஏணியைக் கொணர்கிறாள்; அது பயன்படாதபோது தானே நிற்கும் மடக்கேணியை இழுத்து வருகிறாள். பெரியோர் எவரும் இதனை அறியார். போட்டி தலைமையாசிரியர் அளித்த கொடை. மரமேற்றமோ இருவரின் கூட்டுழைப்பு. மனப்பாங்கு உபதேசத்தாலன்றி நடைமுறையாலேயே மாறுகின்றது என்பதை நூல் தன்னையறியாமலே நிறுவிவிடுகின்றது. (வளர்ச்சி குன்றிய சிறுவனிடம் வால் உண்டா என வேடிக்கையாகக் கேட்ட ஆசிரியை கண்டிக்கப்படுகிறார். திருந்தவேண்டியவர் பிள்ளைகளல்லர்.)

நூலின் வரையறையும் ஈண்டுதான் புலப்படுகின்றது. 1940இல் தேசிய இனமேம்பாட்டுச் சட்டத்தை இயற்றிய, போர்வீரனின் உடலையே இலட்சியமாகக் கொண்ட அரசின் நடுவே தோமோயே ஒரு சிறு தனியார் பள்ளி. வயலின் கலைஞரின் மகளுக்கு வாய்த்த அது தொழிலாளியின் ஊனமுற்ற பிள்ளைக்கு வாய்த்திருக்குமா என நூல் வினவுவதில்லை. இத்தனைக்கும் 'யன்னலோரம்' என்னும் தலைப்பு, நிறுவனங்களில் வேலையின்றி ஓரங்கட்டப்பட்ட ஊழியரைக் குறித்த அக்கால வழக்கை ஒட்டியது. ஒதுக்கலுக்கும் உழைப்புச் சந்தைக்குமுள்ள உறவு ஆசிரியருக்குத் தெரிந்தேயிருந்தது. அவர் அதனைத் தலைப்புடன் நிறுத்திக்கொண்டார்.

இக்கதை சஞ்சிகையிற் தொடராக வெளிவரத் தொடங்கிய 1979இலேயே, ஊனமுற்ற பிள்ளைகளுக்கான தனிப் பாடசாலை முறையை யப்பானிய அரசு கட்டாயமாக்கியது. ஊனமுற்றோர் இயக்கங்கள் அதனைப் பிரித்துவைத்தலென எதிர்த்தன. இலட்சக்கணக்கானோர் நூலைப் படித்து நெகிழ்ந்தனர். பாடசாலைகள் பிரிந்தே இருந்தன. பிரித்துவைக்கும் கல்வியை நிறுத்துமாறு 2022இல் ஐக்கிய நாடுகளின் குழு யப்பானை வற்புறுத்த வேண்டியதாயிற்று.