திரும்பி வர இடம் உண்டா?

கொல்கத்தா மெட்ரோவின் டாலிகஞ்ச் நிலையத்துக்கு இப்போது மகாநாயக் உத்தம்குமார் என்று பெயர். அந்த நடிகர் கோயங்கா வணிகவியல் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. வீட்டுக் கஷ்டம், துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார். பிறகு டாலிகஞ்ச் ஸ்டுடியோக்கள் அவரை வங்காளத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் ஆக்கின. சத்யஜித் ராயும் 1942-இல் சாந்திநிகேதன் படிப்பைப் பாதியில் விட்டவர்தான். ‘படிப்பை விட்டவர்கள் ஜெயிக்கவில்லையா?’ என்று கேட்பவர்கள் இவர்களைத்தான் காட்டுவார்கள். எனக்கு அந்த வாதம் கசக்கிறது. குடும்பத்துக்காகப் படிப்பை விட்டவர்களில் பெரும்பாலோர் கிடைத்த வேலையிலேயே காலத்தை ஓட்டினார்கள். நிலைமை சீரானதும் திரும்பி வந்து படிக்க அவர்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு இப்போது வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி, முதலாண்டோடு நிற்பவருக்குச் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு நிற்பவருக்குப் பட்டயம். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் சேரலாம்; மொத்தம் ஏழு ஆண்டுக்குள் பட்டம் முடிக்க வேண்டும். மேற்கு வங்கத்திலும் 2023 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடக்கிறது. முன்பெல்லாம் பாதியில் நின்றவரின் ஓராண்டு உழைப்புக்கு மதிப்பே இல்லை. இப்போது எடுத்த கிரெடிட் கணக்கில் நிற்கிறது. இது உண்மையான முன்னேற்றம். இடைநிற்றலுக்கு அரசே முத்திரை குத்துகிறது என்று தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காகக் கிரெடிட் சேமிப்பையும் சேர்த்துத் தள்ளிவிட முடியாது.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு 40 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். கூடவே நான்கு கிரெடிட் தொழிற்பயிற்சியும் வேண்டும். அப்பா பக்கவாதத்தில் விழுவது ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகா நடக்கிறது? மூன்றாம் மாதத்தில் ஊருக்கு ஓடும் மாணவிக்கு மிஞ்சுவது அட்டென்டன்ஸ் குறைவுதான்.

படிப்பின் நடுவில் நிற்பதற்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ உண்டு. விபத்து, நீண்ட நோய் போன்ற காரணங்களுக்கு அனுமதி கிடைக்கும். முறையாக எடுத்த ஓராண்டு இடைவெளி முதல் வகுப்பைப் பறிப்பதில்லை. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது விதி. விபத்தில் சிக்கியவர் எப்படி முன்கூட்டி எழுதுவார்? திரும்பச் சேரும்போது அன்றைக்கு நடப்பிலுள்ள விதிமுறைதான் பொருந்தும். 2013, 2017, 2021 என விதிமுறை மாறிக்கொண்டே வருவதால், புதிய பாடங்களும் தலையில் ஏறலாம்.

தென்கொரியாவில் ராணுவச் சேவைக்காக மாணவர்கள் விடுப்பில் போய்வருவது சாதாரணம், யாரும் விசாரிப்பதில்லை. இங்கே வளாக நேர்காணல் அறிவிப்புகளிலேயே ‘படிப்பில் இடைவெளி கூடாது’ என்று எழுதுகிறார்கள். நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்ட ஓராண்டைக் குற்றமாகக் கருதும் அந்த வரி அநியாயமானது. அதை நீக்கச் சொல்லும் பொறுப்பு கல்லூரிகளுக்கு உண்டு. பருவத்தின் நடுவிலும் விடுப்பு, பழைய பாடத்திட்டத்திலேயே தொடரும் உரிமை, விடுதி இடத்துக்கும் உதவித்தொகைக்கும் உத்தரவாதம் ஆகிய மூன்றும் இல்லாதவரை, விடுப்பு என்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

இடைவெளி எடுக்க நினைக்கும் மாணவர்களே, சொல்லாமல் வகுப்பை விட்டு நின்றுவிடாதீர்கள். எழுத்தில் விண்ணப்பித்து, திரும்பச் சேரும் பருவத்தைக் குறிப்பிடும் ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புங்கள்.