லயத்து அறை அருங்காட்சியகமானால்...

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய தோட்ட மாளிகைகள் பல இன்றைக்கு அருங்காட்சியகம். நெடுங்காலமாக அங்கே முதலாளியின் கட்டிலும் சாப்பாட்டு மேசையும்தான் காட்சி. 2014-ல் திறந்த லூசியானாவின் விட்னி தோட்டம் அதைத் திருப்பிப் போட்டது. அங்கே அடிமைகளின் கதைதான் மையம். அவர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நம்ம பக்கத்தில் இதற்கு ஈடு எது? இலங்கை மலையகம்தான். கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925-ல் கட்டின தேயிலைத் தொழிற்சாலை 2001-லிருந்து அருங்காட்சியகம். பழைய எந்திரங்கள் இருக்கு, 1867-ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு இடம் இருக்கு. அந்த ஏக்கர்களில் கொழுந்து பறித்தது யார் என்று கேட்டால் கம்பளைப் பக்கம் போகணும். அங்கே பழைய பீக்கொக் தோட்டத்தில், ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்காங்க. 2007-ல் திறந்தது.

இது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துது. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை வைத்தால், அது முடிந்துபோனது என்று பார்ப்பவர் நினைப்பார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறை முடிந்துபோகலையே. 1948-ல் குடியுரிமை போச்சு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டது. இத்தனைக்கும் பிறகு, தங்கள் பெயரில் நிலமோ வீடோ இல்லாமல் லயத்திலேயே வாழும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அதே மலையில் துரை பங்களாக்கள் சொகுசு விடுதிகளாயிடுச்சு.

இந்த இடத்தில் எனக்குத் திருமுக்கூடல் ஞாபகம் வருது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுற இடம். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையின் ஆட்கணக்கு அதில் வரும். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், தண்ணீர் கொண்டுவருபவருக்கு 15 கலம். வைத்தியர் பெயர் இருக்கு, தண்ணீர்க்காரர் பெயர் இல்லை. அதுவும் பாரபட்சம்தான். ஆனாலும் அவருக்கு என்ன கூலி என்பது கல்லிலேயே ஏறிடுச்சு. யாரும் மறைக்க முடியாது.

தோட்டங்களில் கூலிக்கணக்கு செக்ரோலில் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைக் காட்டும் துண்டு, ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது; அந்த முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. கூடையையும் தப்பையும் மட்டும் காட்டினால் பார்ப்பவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிடுவார். கூடவே செக்ரோல் பக்கங்களைப் பெயரோடும் நாள்கூலியோடும், இன்றைய சம்பளச் சீட்டுக்குப் பக்கத்திலேயே சுவரில் மாட்டினால் பரிதாபம் போய்க் கணக்கு நிற்கும்.

தோட்ட அருங்காட்சியகம் எதற்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கணக்கைத்தான். யார் உழைத்தார், எவ்வளவு வாங்கினார், எங்கே தூங்கினார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கட்டடம், டிக்கெட் போட்டுக் காட்டினாலும் இன்னும் துரை பங்களாதான்.