பேரரங்கமும் வட்டத்தொட்டியும்

பேரரங்குகளில் நடைபெறும் திரையிசை நிகழ்ச்சிகளைக் குறித்து நம் பங்குகளில் இருவகைப் பேச்சுகள் உலவுகின்றன. பெரியவர்கள் அவற்றை வீண் ஆரவாரம் என்பர். பிள்ளைகளோ, வாழ்நாளில் ஒருமுறையேனும் அங்கே நின்று வாய்விட்டுப் பாடிவிட வேண்டும் என்பர். தென்காசியில் மாலையில் பொதிகை விரைவு வண்டி ஏறி, மறுநாள் காலை சென்னையில் இறங்கி, அன்றிரவு நிகழ்ச்சியைக் கண்டு, தொண்டை கட்டிய நிலையில் ஊர் திரும்பும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. போகவர ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். இத்தனை பாடுபட்டுச் செல்வோரின் தாகத்தை 'ஆரவாரம்' என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடுதல் திறனாய்வு ஆகாது. அங்கே அவர்கள் பெறுவது யாது, இழப்பது யாது என்று பார்த்தாக வேண்டும்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 10, ஞாயிறு மாலை. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. ஆகஸ்டு 12-இல் நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போயிற்று. அன்று பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியோர் பலர் வாயிலைத் தொடவும் இயலாமல் திரும்பினர். சாலை அடைத்துக்கொண்டது. நெரிசலில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் தவித்தனர். பெண்கள் தகாத தொல்லைக்கு ஆளாயினர் என்னும் முறையீடுகள் எழுந்தன. உள்ளே செல்ல இயலாதோர் சீட்டின் படியை அனுப்புமாறு ரகுமான் கேட்டுக்கொண்டார். பலருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அனைவரும் விழித்துக்கொள்வதற்காகத் தாம் பலியாடாக இருக்கட்டும் என்றும் அவர் எழுதினார். லேவியர் நூலின் 16-ஆம் அதிகாரத்தை அறிந்த நமக்கு அச்சொல் வேடிக்கையாகத் தோன்றவில்லை. மக்களின் குற்றத்தைச் சுமந்த ஆடு பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்டது. குற்றம் யாருடையது என்று பிரித்தறிய இயலாத கூட்டங்களில்தான் அந்த ஆடு தேவைப்படுகிறது.

அன்றிரவைப் பற்றிய இரு சாட்சியங்கள் உண்டு. மேடைக்கு அருகில் இருந்தோர் பாட்டில் திளைத்தனர். வேலிக்கு வெளியே நின்றோர் அழுதனர். பாட்டு ஒன்றே. சீட்டின் விலையும் வாயிலின் அகலமும் கேட்பவரை இரண்டாகப் பிரித்துவிட்டன. எனினும் இதை நிருவாகப் பிழை என்று கூறி ஒருவர் கடந்துவிடலாம். ஆகவே, எல்லாம் செவ்வனே நடந்த ஓர் இரவையே எடுத்துக்கொள்வோம்.

சென்னை உள்ளரங்கு ஒன்றின் மேல்வரிசையில் அமர்ந்து நாம் கண்டது இது. பாடகர் சுண்டுவிரல் நகமளவே தெரிந்தார். அவருக்கு இருபுறமும் வீட்டுச் சுவரளவு திரைகள். கண் தானாகவே திரைக்குச் சென்றுவிட்டது. மேடையில் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை இடையிடையே நமக்கு நாமே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. குற்றாலத்துச் சித்திர சபையில் ஆடவல்லானை ஓவியமாகவே வழிபடுவர் சைவ நண்பர்கள். அங்கே ஓவியம் என்று அறிந்தே ஓவியத்தைக் காண்கின்றனர். பேரரங்கிலோ ஆளைக் காணப் பணம் கட்டிவிட்டுப் படத்தைக் கண்டு மீள்கிறோம்.

ஒலியின் செய்தி இன்னும் நுட்பமானது. திறந்தவெளியில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி வந்து சேர ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். கோல் பறையில் விழுவதைக் கண் கண்ட பின்னரே செவி கேட்கும். ஆதலால் நடுவே கோபுரங்களை நிறுத்தி, அவற்றில் உள்ள ஒலிபெருக்கிகளைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்துவர். வியக்கத்தக்க தொழில்நுட்பந்தான். ஆனால் இசைப்போரின் காதுகளில் செருகிய கருவியில் தாளக் கணக்கு ஓயாமல் சொடுக்கிக்கொண்டிருக்க, விளக்குகளும் திரைக்காட்சிகளும் அதனோடு பூட்டப்பட்டிருக்கும் நிகழ்ச்சிகள் இன்று பல. அங்கே பாடகர் விரும்பினாலும் ஒரு வரியில் நின்று, அதன் பொருளில் தோய்ந்து, மற்றொரு முறை பாடிக்காட்ட இயலாது. கச்சேரி மேடையில் ஒரு துண்டுச் சீட்டு பாட்டின் வரிசையை மாற்றிவிடும். இங்கே பதினாயிரம் பேர் சேர்ந்து கத்தினாலும் கணினி செவிசாய்க்காது.

கேட்க வந்தோரும் புதிதாக எதையும் கேட்க வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் இரண்டு சுரங்கள் எழுந்ததும் அரங்கம் அதிர்கிறது. தெரிந்த பாட்டை அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சி அது. அந்தக் கூச்சலில் பாட்டின் தொடக்கமே மூழ்கிப்போகிறது. எவருக்கும் அது குறையாகத் தோன்றுவதில்லை. 2017 ஜூலை 8-இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் இதே ரகுமான் 'நேற்று இன்று நாளை' என்னும் நிகழ்ச்சியை நடத்தியபோது, தமிழ்ப் பாடல்கள் மிகுந்துவிட்டன என்று இந்தி ரசிகர் சிலர் எழுந்து போயினர். பணத்தைத் திரும்பக் கேட்டனர். தமிழர் என்ற முறையில் நமக்குச் சினம் எழுவது எளிது. இந்திப் பாடல்கள் மிகுந்திருந்தால் நம்மவர் பொறுமை காத்திருப்பரோ? விலைக்கு வாங்கிய நினைவு வந்து சேரவில்லை என்பதே முறையீடு. கேட்பவன் வாடிக்கையாளன் ஆகிவிட்டால் கலைஞன் கடைக்காரன் ஆகத்தானே வேண்டும்?

இத்தனைக்குப் பிறகும் ஒன்றை மறுக்க இயலவில்லை. நிகழ்ச்சியின் நடுவே ஒரு கட்டத்தில் பாடகர் ஒலிவாங்கியைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். அரங்கம் பாடிற்று. நம் இடப்புறம் ஒரு வயது முதிர்ந்த அம்மையார், வலப்புறம் கல்லூரி மாணவர் இருவர். ஒருவரையொருவர் அறியார். ஒரே அடியை ஒரே மூச்சில் பாடினர். யார் என்ன ஊர், என்ன குலம் என்று எவரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாற்றை உடைய திருச்சபையின் பணியாளர்கள் இக்காட்சியை எள்ளி நகையாடுதல் தகாது. அந்த இரண்டு நிமிடங்களுக்காகத்தான் நம் பிள்ளைகள் வண்டி ஏறுகின்றனர் என்று கருதுகிறோம்.

திருப்பாடல் 42-ஐ எழுதியவர் இவ்வனுபவத்தை அறிந்தவர். மானைப்போலத் தாகங்கொண்ட அவர், தனிமையில் அமர்ந்து, விழாக் கூட்டத்தோடு பாடிக்கொண்டே இறைவனின் இல்லத்துக்குச் சென்ற நாள்களை எண்ணி உருகுகிறார். கூட்டத்தை அவர் பழிக்கவில்லை, ஏங்குகிறார். அதே பாடலில் அருவிகள் இரைகின்றன. ஆழம் ஆழத்தை அழைக்கிறது. கூட்டத்தின் பாட்டு, தனிமனிதனின் தாகம், அருவியின் பேரோசை ஆகிய மூன்றையும் ஒரே பாடலில் காணும்போது, குற்றாலத்துக்கு அருகே வாழும் நமக்கு அது அயலூர்ப் பாட்டாகத் தோன்றுவதில்லை. கூட்டத்தில் பாடிய பாட்டு, கூட்டம் கலைந்தபின் தனித்திருப்பவனுக்கு என்னவாக மிஞ்சுகிறது? பேரரங்கை அளக்க நாம் கொள்ளும் அளவுகோல் இதுவே.

அளந்து பார்க்கக் குற்றாலமே நல்ல இடம். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தொடங்கிப் பின் குற்றாலத்தில் தொடர்ந்த வட்டத்தொட்டியை இலக்கியம் அறிந்தோர் மறவார். நண்பர்கள் சிலர் சுற்றி அமர்வர்; அவர் கம்பனில் ஒரு பாட்டை எடுத்துப் பாடுவார். மீண்டும் பாடுவார். ஓசை எங்கே உயர்கிறது, உணர்ச்சி எங்கே திரும்புகிறது என்று காட்டிவிட்டு இன்னொரு முறை பாடுவார். ராஜாஜியும் கல்கியும் குற்றாலம் வந்து அவரோடு இருந்து மகிழ்ந்தனர். அங்கே ஒலிபெருக்கி இல்லை, அவசரமும் இல்லை. ஒரு மாலை முழுவதும் ஒரே பாட்டில் கழியலாம். அப்பாட்டு அமர்ந்திருந்தோரின் நாவில் வாழ்நாள் முழுதும் நின்றது.

வட்டத்தொட்டியைப் புகழ்ந்து பேரரங்கைத் தள்ளிவிடுதல் எளிய வழி. ஆனால் அந்த வட்டத்துள் இடம் எத்தனை பேருக்கு இருந்தது? கற்றோர்க்கும் ஓய்வு உடையோர்க்கும் உரிய அவை அது. மேலகரத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அங்கே அழைப்பு இல்லை. மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியபோதோ, அஃது ஆடலும் பாடலுமாக ஊரறிய நிகழ்வதற்கு உரியதாயிற்று. அதில் வரும் மலையும் அருவியும் கேட்போரின் கண்முன்னே இருந்தன. திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றியபோதும் அவ்வடிவத்தின் பொதுமையே அவரைக் கவர்ந்திருக்க வேண்டும். கூட்டம் கலைக்குப் பகை என்பதை நம் மண் ஒருநாளும் ஏற்றதில்லை.

சாரல் விழாக் காலத்தில் குற்றாலம் கலைவாணர் அரங்குக்குச் சென்றோர் மற்றொரு வகைக் கூட்டத்தைக் கண்டிருப்பர். பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவர்; பாதியில் எழுந்து போவர்; மடியில் குழந்தை உறங்கும். கலையின் தரம் ஒரு நாள் போல் மறுநாள் இராது. வரவேற்புரைகளின் நீளம் மட்டும் குறைந்ததாக வரலாறு இல்லை. ஆனால் வில்லுப்பாட்டு தொடங்கினால் நிலை வேறு. புலவர் ஒரு செய்தி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போடுவார். முன்வரிசைப் பாட்டி அவருக்கு முந்தி 'ஆமாம்' போட்டுவிடுவார். புலவர் அந்தப் பாட்டியை நோக்கி அடுத்த அடியைத் திருப்புவார். வில்லுப்பாட்டைத் தம் கலையாக்கிக்கொண்ட கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பெயர் அவ்வரங்குக்கு வாய்த்தது பொருத்தமே. மேடைக்கும் தரைக்கும் இடையே இவ்வாறு பேச்சு நடப்பதைத்தான் பேரரங்கில் நாம் தேடினோம். அங்கே கூட்டம் பாடுகிறது. ஆனால் பாடியது கேட்டு மேடை மாறுவதில்லை.

தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரையும் ஈண்டு நினைக்கிறோம். தஞ்சையில் மருத்துவத் தொழிலில் ஈட்டிய பொருளைச் செலவிட்டு, 1912 தொடங்கி இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட கிறித்தவத் தமிழர் அவர். ஒரு தானத்தில் சுருதிகள் இருபத்திரண்டா இருபத்து நான்கா என்று அவர் வாதிட்டார். மயிரிழை அளவான ஓசை வேறுபாட்டுக்காக ஓர் ஆயுளைச் செலவிட்ட செவி அது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசைக்கூடங்களுக்கு வகுத்த நெறியில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்ட நேர்ந்தது. அத்தகைய முழக்கத்தினிடையே பண்டிதரின் மயிரிழையை எவர் கேட்பர்?

பேரரங்கு இழக்கச் செய்வனவற்றுள் தலையாயது அமைதியே என்பது நம் கருத்து. 2025 மார்ச் 8-இல் இளையராஜா இலண்டன் அப்பல்லோ அரங்கில் தம் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். நான்கு பகுதிகளும் முடியும்வரை கைதட்டாதிருத்தல் அவ்விசையின் மரபு. நம் ரசிகர்கள் முதற்பகுதி முடிந்ததுமே கைதட்டிவிட்டதை, நாடு திரும்பியபின் அவரே செய்தியாளர்களிடம் மகிழ்ச்சியோடு கூறினார். அன்பின் மிகுதி அது. குற்றமாகக் கொள்ளல் வேண்டா. ஆனால் இரு பகுதிகளுக்கு நடுவே உள்ள அந்த ஓசையற்ற இடமும் இசையமைத்தவர் எழுதியதே. அது நமக்குக் கேட்கவில்லை. ஓசை நின்றால் நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று நம் செவி பழகிவிட்டது.

இறைமக்களின் முழுமையான, உணர்வுபூர்வமான, செயலூக்கமான பங்கேற்பை வலியுறுத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம் (1963), அப்பங்கேற்பைப் பேசும் 30-ஆம் எண்ணில், பாடல்களையும் மறுமொழிகளையும் எண்ணி முடித்த கையோடு, உரிய நேரங்களில் தூய அமைதியும் காக்கப்பட வேண்டும் என்கிறது. வாய் மூடியிருப்பதும் பங்கேற்பே. பாடலின் பொருளைவிடப் பாடுங் குரலே தம்மைக் கவர்ந்த வேளைகளில் தாம் தவறியதாகத் தூய அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில் வருந்துகிறார். ஆயினும் பாட்டை ஆலயத்திலிருந்து விலக்க அவர் துணியவில்லை. அந்தத் தத்தளிப்பே நேர்மையானது.

பேரரங்கு சென்னையோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. தப்பாமல் தாளம் வழங்கும் கீபோர்டு, பீடத்தை மறைக்கும் திரை, மக்களை நோக்கி மேடைபோட்டு நிற்கும் பாடகர் குழு, எழுந்து நின்று கேட்கும் இறைமக்கள் என்று நம் சிற்றாலயங்களிலும் அதன் சாயல் படிந்துவருகிறது. பேரரங்கிலேனும் கூட்டம் பாடுகிறது; சில ஆலயங்களில் அதுவும் இல்லை, குழு மட்டுமே பாடுகிறது. நற்கருணை உட்கொண்டபின் வரும் இரண்டு நிமிட அமைதியை மெல்லிசையால் நிரப்பாவிடில் ஏதோ பழுதுபட்டுவிட்டது என்று குழுவினர் பதறுகின்றனர். காரணம் கேட்டால், மக்களின் கவனம் கலைந்துவிடும் என்கின்றனர். அந்த இரண்டு நிமிடங்களை இசையின்றி விட்டுவைத்த நாள்களில் அப்படி எதுவும் நேரக் கண்டதில்லை. யாரேனும் இருமுவர், பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கும், சன்னலுக்கு வெளியே குற்றாலம் செல்லும் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிப் போகும்.